ஊழியத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஓய்வு நாளை ஏற்பாடு செய்யும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊழியத்துக்கு வரும் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கேஸ் இணைப்பை மாற்றிவிடுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஓய்வு நாளை மட்டும் “கொஞ்சம் ஊர் பழகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைக்கிறார்கள். ஊர் பழகப் பழக அழைப்புகள்தான் கூடும். முதல் மூன்று மாதத்தில் எதைப் பழக்கமாக்குகிறீர்களோ, அதையே சபை உங்கள் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் ஒரு போதகரின் மனைவி. பாலக்கோடு பக்கம் ஒரு சிறிய சபை, அதோடு சில கிளைச் சபைகள். எங்களுக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. என் கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, மருத்துவர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினோம். புதிதாக வரும் நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். போதகர்களுக்கு மட்டுமல்ல, உபதேசியார், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் குழுத் தலைவர் என்று வேலைக்கும் போய்க்கொண்டு ஊழியமும் செய்கிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் நான்கு வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

மனக்கணக்கு போதாது. ஒரு நோட்டில் நான்கு வாரத்துக்கு, எந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிறு காலை ஆராதனை, கிளைச் சபை ஆராதனை, பெண்கள் ஐக்கியம், வெள்ளி உபவாச ஜெபம், வீட்டு ஜெபக் கூட்டங்கள், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் என்று பட்டியல் உங்களுக்கே தெரியும். அதில் சேராமல் நேரத்தைத் தின்பது பயணம்தான். அரூரில் ஒரு வீடு, பென்னாகரத்தில் ஒரு வீடு என்றால், அரை மணி நேர ஜெபத்துக்கு அரை நாள் போய்விடும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று உண்டு. நம் ஆட்களில் பலர் பெங்களூருவிலும் திருப்பூரிலும் கட்டட வேலை, கம்பெனி வேலை என்று இருக்கிறவர்கள். சனி இரவு ஊருக்கு வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது, சண்டையைத் தீர்த்து வைப்பது எல்லாம் அந்த ஒரே நாளில்தான் நடக்க வேண்டும். ஓசூர், தளி பக்கம் போனால் தெலுங்கு, கன்னடம் பேசுகிற குடும்பங்களும் உண்டு. ஒரே நாளில் இரண்டு மொழியில் ஆராதனை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வெளியூர் நண்பரின் அட்டவணையை வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள்.

எழுதி முடித்ததும், குடும்பத்தோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களை மட்டும் சிவப்பு மையில் சுழித்துப் பாருங்கள். சபைக் கமிட்டியிடம் பேச அந்தத் தாளே போதும்.

2. எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான ஊழியர்கள் திங்கள்கிழமையை எடுப்பார்கள். ஞாயிறு முடிந்த களைப்புக்கு அது சரிதான். ஆனால் இங்கே அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திங்கள்தான் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று மனு கொடுக்கப் போகும் விசுவாசிகள், “ஐயா கூட வந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்” என்பார்கள். படிக்கத் தெரியாத ஒரு பாட்டி கேட்கும்போது முடியாது என்று சொல்ல மனசு வராது. சொல்லவும் கூடாது.

அதனால் நாங்கள் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம். திங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கி செவ்வாய் இரவு 8 மணிக்கு முடியும். முந்தின இரவிலேயே தொடங்குவது முக்கியம். காலையில் தொடங்கினால், முந்தின நாள் மிச்சம் மத்தியானம் வரை இழுக்கும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு பாதி, மறுநாள் காலையில் ஒரு பாதி என்று இரண்டு அரை நாளாகப் பிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தில் அது ஓய்வே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு ஊழியம் செய்கிறவர்களுக்கு முழு நாள் கிடைக்காது, தெரியும். அவர்கள் வாரத்தில் ஒரே ஒரு மாலையையாவது வேலையும் கூட்டமும் இல்லாமல் வைத்துக்கொள்ளட்டும். தேர்ந்தெடுக்கும் நாளில் உங்கள் பேராயமோ தலைமைச் சபையோ மாதாந்திரக் கூட்டம் வைக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கமிட்டித் தீர்மானமாக எழுத்தில் வாங்குங்கள்

வாய்ப்பேச்சாக “சரிங்க ஐயா, நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று எல்லோரும் சொல்வார்கள். அடுத்த செவ்வாய் காலை ஆறு மணிக்கு அவர்களே கதவைத் தட்டுவார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழக்கம் அவ்வளவுதான். ஆகவே கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் தீர்மானமாக ஏற்றி, செயலாளர், பொருளாளர் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“போதகருக்கு வாரந்தோறும் திங்கள் இரவு 8 மணி முதல் செவ்வாய் இரவு 8 மணி வரை ஓய்வு. அந்த நேரத்தில் சபைக் காரியங்களுக்குச் செயலாளரையும், ஜெப உதவிக்கு அந்த மாதத்துக்குரிய மூப்பரையும் அழைக்க வேண்டும். மரணம், விபத்து, ஆபத்தான நோய் ஆகிய மூன்றுக்கும் விலக்கு உண்டு. ஓய்வு நாளில் ஊழியம் செய்ய நேர்ந்தால் அதே வாரத்தில் வேறொரு நாள் தரப்படும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் மாதத்தில் இரண்டு செவ்வாய் அடக்க ஆராதனையிலேயே போய்விடும், யாரும் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். விலக்கு என்னென்ன என்று எண்ணி எழுதுவதும் அதே காரணத்துக்காகத்தான். “அவசரம்” என்று பொதுவாக எழுதினால் புது பைக்குக்கு ஜெபம் பண்ணுவதும் அவசரம்தான்.

தீர்மானம் ஆனதும் ஞாயிறு அறிவிப்பில் இரண்டு வாரம் தொடர்ந்து சொல்ல வேண்டும். போதகர் தன் வாயால் சொல்லக் கூடாது, செயலாளர் சொல்லட்டும். இதில் ‘போதகர் சோம்பேறியாகிவிட்டார்’ என்ற பேச்சு எழுந்தால் மாற்கு 6:31-ஐக் காட்டுங்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாய்ச் சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை, தனியிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் வாருங்கள் என்று கூப்பிட்டவர் ஆண்டவரே. கூட்டம் பின்தொடர்ந்து வந்ததும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் அவர் கூப்பிட்டார்.

4. பொறுப்புகளைப் பிரித்து ஒப்படையுங்கள்

நாளை மட்டும் அறிவித்துவிட்டு வேலையெல்லாம் ஒருவர் கையிலேயே இருந்தால் ஓய்வு நிற்காது. சாவி, ஆம்ப்ளிஃபயர், காணிக்கைக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, மருத்துவமனைச் சந்திப்பு, இறந்தவர் வீட்டு ஏற்பாடு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர் போடுங்கள். ஒரே பெயர் போட்டால் அவர் ஊரில் இல்லாத நாளில் போன் உங்களுக்குத்தான் வரும். காணிக்கையை எப்போதும் இரண்டு பேராக எண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சாதாரணமாக நடப்பது என்னவென்றால், சுறுசுறுப்பான ஒரே ஒரு தம்பியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவோம். ஞாயிறு பள்ளியும் அவன், கீபோர்டும் அவன், வேனுக்கு டீசல் போடுவதும் அவன். ஒரு வருடத்தில் அவன் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுவான். யாத்திராகமம் 18-ல் எத்திரோ மருமகன் மோசேயைப் பார்த்துச் சொன்னபோது, நீயும் உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களைப் பிரித்ததில் பத்துப் பேருக்கான ஆள்தான் நமக்கு இங்கே தேவை. ஒரு தெருவுக்கு ஒரு அக்கா போதும்.

சான்றிதழ்களுக்குத் தனியாக ஒரு நேரம் வையுங்கள். எங்களுக்குப் புதன் மாலை 5 முதல் 7 வரை. ஞானஸ்நானச் சான்று, சபை அங்கத்தினர் சான்று, திருமண விண்ணப்பம் எல்லாம் அப்போது மட்டும்தான். பெயர், பிறந்த தேதி ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள், பிற்பாடு திருத்தத்துக்கு வருகிற நடை குறையும். திருமணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடிவருகிறவர்களால்தான் போதகர் வீட்டில் பாதி இரவுகள் கெடுகின்றன. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள்.

5. இரவுக் கூட்டங்களுக்கு முடிவு நேரம் வையுங்கள்

இது ஓய்வுக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான். சேலத்தில் கூட்டம் முடித்து இரவு பதினொன்றுக்குத் தொப்பூர் கணவாய் வழியாகத் திரும்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். சரிவில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து விபத்து நடப்பது அங்கே அடிக்கடி கேள்விப்படுகிற செய்தி. தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வருகிற இடமில்லை அது. சேலத்திலேயே தங்கிக் காலையில் வாருங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, தளி பக்கம் யானை நடமாட்டம். ராகி கதிர் முற்றி அறுவடையாகிற நேரத்தில், ஏறக்குறைய கார்த்திகை, மார்கழியில், கூட்டமாக வயலுக்கு வரும். நம் கிறிஸ்மஸ் பவனியும் அதே நேரம்தான். அந்த ஊர்களில் வீட்டு ஜெபத்தை மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடித்துவிடுங்கள். காட்டு வழியில் போகும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். யானை எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மற்ற ஊர்களில் வீட்டு ஜெபம் 7 மணிக்குத் தொடங்கி 8.15-க்கு முடியட்டும். சாப்பாடு வேண்டாம், டீ போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். களி கிளறி, கோழி அடித்து வைத்திருக்கிறவர்களிடம் எட்டரை மணிக்குச் சொன்னால் மனம் நோகும்.

6. செலவைப் பட்ஜெட்டில் போடுங்கள்

ஓய்வுக்குப் பணம் எதற்கு என்று கேட்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு வேறு ஊழியர் வந்து பிரசங்கித்தால் அவருக்குப் பஸ் கட்டணமும் காணிக்கையும் கொடுக்க வேண்டும். போதகர் வருடத்தில் பத்து நாள் விடுப்பில் போனால் இரண்டு ஞாயிறுக்கு அந்த ஏற்பாடு வேண்டும். இதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனி வரி இல்லையென்றால் பணம் போதகரின் சம்பளத்திலிருந்துதான் போகும், பிறகு அவர் விடுப்பே கேட்க மாட்டார். ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும் சபையாக இருந்தால் பிப்ரவரிக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமைக்குச் செலவு அதிகம் ஆகாது. நாங்கள் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்போம். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கோ ஒகேனக்கல்லுக்கோ போவோம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் பஸ் உண்டு, சுமார் 45 கிலோமீட்டர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உள்ளூர்ப் பயணத்தில் பாதிச் செலவு மிச்சம். ஆடி மாதத்தை ஒட்டிக் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள், செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வார நாளில் போவதால் கூட்டமும் குறைவு. மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு பாறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கே விசுவாசி யாராவது பார்த்து “ஐயா, ஒரு ஜெபம்” என்றால் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிடுங்கள், ஒரு நிமிடம்தான்.

7. உடம்புக்கும் மனசுக்கும் உள்ள ஆவணங்கள்

இந்தப் பகுதியைத் தள்ளிப்போடாமல் முதல் மூன்று மாதத்தில் முடியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். சிறிய சபை ஊழியர்கள் பலர் இந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள், ஆனாலும் கார்டு இல்லாமல் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்தால் முதலில் ரேஷன் கார்டு முகவரியை மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

நல வாரியம்: கிறிஸ்தவ தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்கள், பணியாளர்களுக்குத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வேலை செய்கிறவர்களும் சேரலாம். அவர்களுக்கு இரண்டு மாவட்டமும் தர்மபுரி மறைமாவட்டத்தில் அடங்கும். நீங்கள் சபையில் பணி செய்கிறீர்கள் என்ற கடிதம் தேவைப்படும், அதைச் சபை லெட்டர்பேடில் முத்திரையோடு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்: மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வருகிற நேரத்தில் ஊழியர் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, எந்த நாளில் உங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மனச்சோர்வு: தூக்கம் வராமல், ஜெபிக்கவும் மனமில்லாமல், காரணம் இல்லாத கோபமாக வாரக்கணக்கில் இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், சபையில் யாருக்கும் தெரியாது. 1 இராஜாக்கள் 19-ல் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். பிரசங்கம் எதுவும் அந்த இடத்தில் இல்லை. இந்தப் பகுதியைப் போதகர்களின் மனைவிமார் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். முதலில் கண்டுபிடிப்பது நாம்தான், நமக்கும் அதே சோர்வு வரும்.

8. போன வீட்டில் முழுசாக இருங்கள்

நாள் ஒதுக்குவது பாதி. மற்ற ஆறு நாளும் அடுத்த வீட்டை நினைத்துக்கொண்டே இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால், செவ்வாய்க்கிழமையும் அப்படியேதான் போகும். என் கணவர் வீடு சந்திக்கப் போகும்போது போனைப் பையில் போட்டு வாசலிலேயே வைத்துவிடுவார். ஒரு மாலையில் நாலு வீடு என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தோம்.

மாசி, பங்குனியில் இங்கே பல வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கட்டையால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். எடைக்குத்தான் கூலி. நாம் போனால் வேலையை நிறுத்திவிட்டுச் சேலையில் கை துடைத்து எழுந்திருப்பார்கள், அவ்வளவு நேரக் கூலியும் போகும். எழுந்திருக்க விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு புளியை எடுத்து நாரை உரியுங்கள். மருமகள் பேசாதது, பையன் பெங்களூருவில் இரண்டு மாதமாகப் பணம் அனுப்பாதது எல்லாம் கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் வாயில் வரும். விரல் நகத்தில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும், அரை மணி நேரம் போனதே தெரியாது. அன்றைக்கு என் கணவர் வீட்டுக்கு வந்தால் களைப்பு இருக்கும், சலிப்பு இருக்காது.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு விதி போதும்: இரவு 9-க்குப் பிறகு யாரும் பதிவிடக் கூடாது, மரணச் செய்தி தவிர. அட்மின் அமைப்பில் அதை மாற்றும் பொறுப்பை வாலிபர் ஒருவரிடம் கொடுங்கள்.

9. வருடத்தின் கனத்த மாதங்களை முன்பே எண்ணுங்கள்

லெந்து காலத்து நாற்பது நாள், பரிசுத்த வாரம், ஈஸ்டர் விடியல் ஆராதனை, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை, டிசம்பர் முழுதும். இந்தக் காலங்களில் வார ஓய்வு அரையாகக் குறையும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலுக்கு விடுப்பை அடுத்தடுத்த இடைவெளியில் போடுங்கள். ஈஸ்டர் முடிந்த வாரமும், ஜனவரி இரண்டாம் வாரமும் எங்களுக்குப் பொருந்துகின்றன. பொங்கல் நேரத்தில் ஊரே தன் வேலையில் இருக்கும், கூப்பிடுகிறவர்கள் குறைவு.

பவனிக்கு ஓர் இரவுக்கு இத்தனை வீடு என்று நவம்பரிலேயே பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள். விடியற்காலை மூன்று மணி வரை பாடிவிட்டுக் காலை ஆராதனைக்கு நிற்கும் பிள்ளைகளின் தொண்டையையும் யோசிக்க வேண்டும். டிசம்பர் 26 முதல் 29 வரை எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள், 31 இரவு ஆராதனை காத்திருக்கிறது.

விடுப்புக் கடிதத்தை இரண்டு மாதம் முன்னால் கொடுங்கள். தேதி, அந்த ஞாயிறுகளில் பிரசங்கிப்பவர், சாவி யாரிடம், அவசரத்துக்கு யார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

10. கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால்

நடக்கக்கூடியதுதான். முந்தைய போதகர் ஓய்வே எடுக்காதவராக இருந்திருந்தால் நிச்சயம் நடக்கும். வாதாட வேண்டாம். மூன்று மாதம் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள், பொதுவாக அதற்குச் சம்மதிப்பார்கள். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு செவ்வாயும் வந்த அழைப்புகளைச் செயலாளரே ஒரு நோட்டில் எழுதட்டும்: யார், எதற்கு, யார் பார்த்துக்கொண்டார். மறுபரிசீலனைக் கூட்டத்தின் தேதியை அன்றைக்கே குறிப்பேட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் சபையில் அந்த நோட்டைப் படித்துப் பார்த்தபோது, போதகரே வந்துதான் ஆக வேண்டும் என்றிருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. தீர்மானத்தை முன்மொழிந்தவர், முதலில் எதிர்த்த மூப்பரேதான்.